எல்லையோரத்தில் ஒரு பழத்தோட்டம்: லீ டே-வோனின் நிறங்கள்

"கலண்டர்ப் படம் மாதிரிக் கிடக்கு."

லீ டே-வோனின் ஓவியம் ஒன்றை நாங்கள் கூடியிருந்து முதன்முதலாகப் பார்த்தபோது எங்களில் ஒருவர் சொன்ன வசனம் இது. மற்றவர்கள் சிரித்தோம். மறுக்க ஒருவரும் முன்வரவில்லை. திரை முழுக்கப் பூத்த மரங்கள். ரோசா, சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் சின்னச் சின்னக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் சிதறிக் கிடந்தன. பின்னால் வளைந்து போகும் மலைகள். முன்னால் ஒரு குளம். மனிதர்கள் இல்லை. நிழல்கூட இல்லை. பார்த்தவுடன் சந்தோசம் வரும், ஆனால் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எங்களுக்கும் தோன்றியது.

பிறகு அந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று தேடினோம். தென்கொரியாவின் பாஜு. சியோலுக்கு வடக்கே, இம்ஜின் ஆற்றங்கரையில், வடகொரிய எல்லையை ஒட்டிய இடம். இரண்டு கொரியாக்களையும் பிரிக்கிற, நாலு கிலோமீற்றர் அகலமான, கண்ணிவெடிகளும் முட்கம்பியும் நிறைந்த அந்த வலயம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே இருந்துகொண்டுதான் இந்த மனுசன் ஆண்டுக்கணக்காகப் பழமரங்களை வரைந்திருக்கிறார். காலம் மாற மாற, அதே மரங்களைத் திரும்பத் திரும்ப.

அப்போதுதான் எங்கள் கேள்வி மாறியது. இவ்வளவு பட்ட ஒரு நாட்டில், இப்படியான ஓர் இடத்தில் இருந்துகொண்டு, ஒருவர் ஏன் இவ்வளவு நிறத்தோடு வரைகிறார்? அப்படி வரைய அவருக்கு என்ன உரிமை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் கொரிய ஓவியத்தின் ஐந்நூறு, அறுநூறு ஆண்டு வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது.

கனவில் வந்த பீச் தோட்டம்

காட்டையும் காலத்தையும் சேர்த்துப் பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. முல்லை என்றால் காடு, முல்லைக்குக் கார்காலம் என்று திணைப் பாடத்தில் படித்தவர்கள்தானே நாம். நிலத்தையும் பொழுதையும் பிரிக்க முடியாது என்பது எங்கள் கவிதையின் அடிப்படை. கொரிய மலைநீர் ஓவியங்களின் அடிப்படையும் கிட்டத்தட்ட அதுதான். நிலக்காட்சி ஓவியத்துக்கு அவர்கள் வைத்த பெயரே 'மலையும் நீரும்' என்றுதான் பொருள்படும். இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நாலு காலத்தையும் வரிசையாக வரைவது அதில் ஒரு வழமை. 15ஆம் நூற்றாண்டு ஓவியரான ஆன் கியொன் வரைந்ததாகக் கருதப்படும் ஒரு தொகுப்பு தென்கொரியத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காலத்துக்கும் இரண்டு என்று மொத்தம் எட்டுக் காட்சிகள்.

அதே ஆன் கியொன் 1447இல் வரைந்த இன்னொரு ஓவியம்தான் கொரியாவில் மிகப் புகழ்பெற்றது. அன்பியொங் என்ற இளவரசர் ஒரு கனவு கண்டார். மலைகளுக்கு நடுவே, பீச் மரங்கள் பூத்துக் கிடக்கிற ஒரு மறைவான வெளி. விடிந்ததும் ஓவியரைக் கூப்பிட்டுக் கனவைச் சொன்னார். மூன்றே நாளில் அதைப் பட்டுத் துணியில் வரைந்து கொடுத்தார் ஆன் கியொன்.

அந்தப் பீச் தோட்டத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. சீனக் கவிஞர் தாவோ யுவான்மிங் எழுதியது. ஒரு மீனவன் வழி தவறிப் பூத்த பீச் மரங்களுக்கு ஊடாகப் போகிறான். ஒரு குகைக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே சனங்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று கேட்டால், ஒரு காலத்தில் யுத்தத்துக்கும் கொடுங்கோல் ஆட்சிக்கும் பயந்து ஓடிவந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வெளியில் எத்தனை ராச்சியம் மாறியது என்றே அவர்களுக்குத் தெரியாது.

அதாவது கிழக்காசியாவின் ஓவிய மரபில் பீச் தோட்டம் வெறும் அழகான இடம் மட்டுமில்லை. அது இடம்பெயர்ந்தவர்களின் ஊர். இதை விளங்கிக்கொண்டால் பூக்களைப் பார்க்கிற பார்வையே கொஞ்சம் மாறிவிடும். அந்தக் கனவைக் கண்ட இளவரசருக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. 1453இல் சொந்த அண்ணனின் ஆட்சிக் கவிழ்ப்பில் அவர் உயிரை இழந்தார். ஓவியமும் கொரியாவில் இல்லை. யப்பானின் தென்ரி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

ஆன் கியொனுக்குப் பிறகு வந்தவர்களில் ஜொங் சொன் (1676–1759) முக்கியமானவர். அவருடைய காலம்வரை கொரிய ஓவியர்களில் பலர் சீன ஓவியங்களில் கண்ட மலைகளையே வரைந்துகொண்டிருந்தார்கள். ஜொங் சொன் தன் நாட்டு மலைகளுக்கு நேரே போனார். கும்காங் மலைத்தொடரை அவர் 1734இல் வரைந்த ஓவியத்தைப் பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகத் தெரியும். மண் மலைகள் எல்லாம் ஈரமான சின்னப் புள்ளிகளால் ஆனவை. கற்பாறைச் சிகரங்கள் எல்லாம் மேலிருந்து கீழாக இழுத்த கூரான கோடுகளால் ஆனவை. புள்ளியும் கோடும். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ, திரும்ப வருவோம்.

ஒரே கண்காட்சி, இரண்டு பிரிவுகள்

1910இல் யப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1922இல் குடியேற்ற அரசு ஆண்டுதோறும் ஓர் ஓவியக் கண்காட்சியை நடத்தத் தொடங்கியது. 1944வரை அது நடந்தது. அதிலே 'கீழைத்தேய ஓவியம்' என்று ஒரு பிரிவும் 'மேலைத்தேய ஓவியம்' என்று இன்னொரு பிரிவும் இருந்தன. மையும் தூரிகையும் எடுத்தால் ஒரு பிரிவு. எண்ணெய் வர்ணம் எடுத்தால் மற்றப் பிரிவு. இன்றைக்கு நாம் 'கொரிய மரபையும் மேலைத்தேய மரபையும் கலந்தவர்' என்று ஓர் ஓவியரைப் பற்றிச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இவை இரண்டு தனித்தனிப் பெட்டிகள் என்ற எண்ணம் வேரூன்றுவதில் அந்தக் கண்காட்சிக்குப் பெரிய பங்குண்டு. அதுமட்டுமில்லை. கொரிய ஓவியர்கள் பெரும்பாலும் யப்பான் வழியாகவே எண்ணெய் ஓவியத்தைப் படித்தார்கள். டோக்கியோ நுண்கலைப் பள்ளிக்குப் போய் மேலைத்தேய ஓவியம் படித்த முதல் கொரியர் கோ ஹுய்-டோங். 1909இல் போய் 1915இல் படிப்பை முடித்தார்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. யப்பானியர்கள் பிரான்சிலிருந்து எடுத்துவந்த அந்த 'மேலைத்தேய' ஓவியம் தானே ஏற்கெனவே கலப்புத்தான். மொனே யப்பானிய மரஅச்சுப் படங்களைச் சேகரித்து வைத்திருந்தார். வான் கோ 1887இல் ஹிரோஷிகேயின் பிளம் தோட்டப் படத்தைப் பார்த்து எண்ணெய் வர்ணத்தில் பிரதி செய்தார். அதாவது கிழக்கிலிருந்து போன ஒரு தோட்டம் பிரான்சைச் சுற்றி, எண்ணெய் வர்ணம் பூசிக்கொண்டு, திரும்பவும் கிழக்குக்கு வந்தது. எது யாருடையது என்று பிரிக்கப் போனால் தலை சுத்தும்.

ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் நிறத்தைப் பற்றியது. யனகி முனேயோஷி என்ற யப்பானிய அறிஞர் 1920களில் கொரியக் கலையைப் பற்றி நிறைய எழுதினார். கொரியாவை அவர் உண்மையாகவே நேசித்தார். சியோல் அரண்மனையின் குவாங்வாமுன் வாயிலைக் குடியேற்ற அரசு இடிக்கப் பார்த்தபோது வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். 1924இல் கொரிய நாட்டார் கலைக்கென்று சியோலில் ஓர் அருங்காட்சியகத்தையும் அமைத்தார். இதெல்லாம் உண்மை. ஆனால் அதே யனகி, கொரியக் கலையின் அழகு துயரத்தின் அழகு என்றார். கொரியர்கள் வெள்ளை உடுப்பது அந்தத் துயரத்தின் அடையாளம் என்றார். படையெடுப்புகளையும் அடக்குமுறைகளையுமே கண்ட ஒரு சனத்தின் கலை இப்படித்தான் இருக்கும் என்பது அவருடைய வாதம்.

நேசத்தோடு சொன்னாலும் இது ஒரு விலங்குதான். நீங்கள் கஷ்டப்பட்டவர்கள், ஆகவே உங்கள் கலை அழவேண்டும், அழுதால்தான் அது உங்களுடையது என்று சொல்வது போல. இதற்கு மறுபக்கமும் இருந்தது. 1930களில் குடியேற்ற அரசின் அதிகாரிகள் வெள்ளை உடை வீண் செலவு என்று சொல்லி நிற உடை உடுக்கும்படி கட்டாயப்படுத்தினார்கள். சந்தைகளில் வெள்ளை உடுத்து வந்தவர்களின் மேல் மை தெளித்த சம்பவங்களும் நடந்தன. ஆக ஒருவர் வந்து வெள்ளைதான் உங்கள் ஆன்மா என்கிறார், இன்னொருவர் வந்து வெள்ளையைக் கழட்டு என்கிறார். உடுத்தவர்களிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் காலத்தில் ஓர் ஓவியர் வேறு மாதிரிப் பதில் சொன்னார். ஓ ஜி-ஹோ (1905–1982). டோக்கியோவில் படித்தவர். கொரியாவின் வானம் தெளிவானது, காற்று வறண்டது, ஆகவே இங்கே வெளிச்சம் யப்பானில் விழுவது போல விழாது என்று அவர் வாதிட்டார். யப்பானிய ஆசிரியர்கள் கற்பித்த மங்கலான பழுப்புச் சாயல்களை விட்டார். 1939இல் அவர் வரைந்த 'தெற்கு நோக்கிய வீடு' இன்றைக்குத் தென்கொரியாவின் தேசிய நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெயில் விழுந்த ஒரு சுவர். வாசலில் சிவப்புச் சட்டைச் சிறுமி. கீழே நித்திரை கொள்கிற ஒரு வெள்ளை நாய். சுவரில் விழுகிற மரத்தின் நிழலைப் பாருங்கோ: கறுப்பே இல்லை. நீலமும் ஊதாவும்தான். எங்கள் நிழலுக்கும் நிறம் இருக்கிறது என்று அந்தச் சுவர் சொல்கிறது. அந்த வீடு இருந்தது கேசொங் நகரில். இன்றைக்குக் கேசொங் வடகொரியாவுக்குள். பாஜுவிலிருந்து பார்த்தால் இம்ஜின் ஆற்றுக்கு அந்தப்பக்கம்.

முன்சான்

அந்த ஆற்றின் இந்தப்பக்கம், பாஜுவின் முன்சானில், 1921இல் பிறந்தவர்தான் லீ டே-வோன். சியோலில் அவர் படித்த பள்ளியில் சாத்தோ குனியோ என்ற யப்பானிய ஓவிய ஆசிரியர் இருந்தார். பின்னாளில் மலைகளை வெறும் நிறத் தளங்களாக வரைந்து புகழ்பெற்ற யூ யங்-குக்கும் அதே ஆசிரியரிடம் படித்தவர்தான். லீ பள்ளிக்கூடப் பெடியனாக இருக்கும்போதே அரசுக் கண்காட்சிக்கு ஓவியம் அனுப்பித் தெரிவாகியிருக்கிறார். ஆனால் வீட்டில் சம்மதமில்லை. படம் கீறிச் சாப்பிட முடியுமா என்று கேட்கிற அப்பா அம்மா எல்லா நாட்டிலும் இருப்பார்கள்போல. லீ சட்டம் படிக்கப் போனார். 1945இல், விடுதலை கிடைத்த அதே ஆண்டில், சட்டப் படிப்பை முடித்தார். ஓவியத்துக்கென்று ஒரு கல்லூரிக்கும் அவர் போகவில்லை.

விடுதலையோடு பிரிவினையும் வந்தது. 1950இல் யுத்தம் வந்தது. மூன்று ஆண்டுகள் நடந்த அந்த யுத்தத்தில் முன்சானுக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. 1951 யூலையில் கேசொங்கில் போர்நிறுத்தப் பேச்சு தொடங்கியபோது ஐ.நா. தரப்புப் பேச்சுவார்த்தைக் குழுவின் முகாம் முன்சானில் இருந்தது. முகாம் போட்ட இடம் ஓர் அப்பிள் தோட்டம். அப்பிள் மரங்களுக்குக் கீழே கூடாரங்கள், ஜீப்புகள், பத்திரிகைக்காரர்கள். அங்கிருந்துதான் ஒவ்வொரு நாளும் பேச்சுக்குப் போய் வந்தார்கள். பேச்சு பன்முன்ஜொம்முக்கு மாறி, இரண்டு ஆண்டு இழுபட்டு, 1953 யூலை 27இல் கையெழுத்தானது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை வரவில்லை.

பழத்தோட்டம் என்பது அந்த ஊரில் வெறும் காட்சிப் பொருளில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம். லீயின் குடும்பத்துக்குப் பாஜுவில் ஒரு தோட்டம் இருந்தது. அவர் பிற்காலம் முழுவதும் 'தோட்டம்' என்ற ஒரே தலைப்பில் வரைந்து தள்ளியது அந்த மரங்களைத்தான்.

யுத்தம் முடிந்த பின்னர் சியோல் சாம்பல் மேடாக இருந்தது. ஓவியம் வாங்க யார் இருக்கிறார்கள்? 1950களில் சியோலின் பண்டோ ஹொட்டலுக்குள், இன்றைக்கு லோட்டே ஹொட்டல் நிற்கிற இடத்தில், ஒரு சின்ன ஓவியக்கூடம் தொடங்கியது. பல மொழி பேசத் தெரிந்த லீ அதைப் பல ஆண்டுகள் நடத்தினார். வாங்கியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களும் மற்ற வெளிநாட்டவர்களும். அங்கே விற்கப்பட்ட ஓவியங்களில் பார்க் சூ-குன் (1914–1965) வரைந்தவை முக்கியமானவை. பார்க் ஏழை. யுத்த காலத்தில் அமெரிக்கப் படையின் கடையில் இருந்து சிப்பாய்களுக்கு முகப்படம் வரைந்து பிழைத்தவர். அவருடைய ஓவியங்களின் மேற்பரப்பு கருங்கல் போலச் சொரசொரப்பாக, சாம்பலும் பழுப்புமாக இருக்கும். அந்தக் கல்லுக்குள் கீறியது போல ஒரு மொட்டை மரம், சுமை தூக்கிப் போகும் பெண்கள். அதே கடையில் வேலை செய்த பார்க் வான்-சோ என்ற பெண் பின்னாளில் பெரிய எழுத்தாளரானார். 1970இல் வந்த அவருடைய முதல் நாவலுக்கு வைத்த பெயர் 'மொட்டை மரம்'. அந்த ஓவியரை நினைத்து எழுதியதுதான்.

ஒருவர் எண்ணெய் வர்ணத்தைக் கருங்கல்லாக்கி இலையில்லாத மரத்தை வரைந்தார். அந்த ஓவியங்களைக் கையில் எடுத்து விற்றுக்கொடுத்த இன்னொருவர், இலையும் பூவும் நிறைந்த மரத்தை வரைந்தார். இரண்டு பேரும் ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், ஒரே யுத்தத்துக்குப் பிறகு. இதில் ஒன்றுதான் உண்மையான கொரியா என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

புள்ளியும் கோடும்

இப்போது அந்தக் 'கலண்டர்ப் படத்தை'க் கிட்ட வைத்துப் பார்ப்போம். போனில் பார்க்கிறீர்கள் என்றால் விரலால் பெரிதாக்கிப் பாருங்கோ.

முதலில் பிரெஞ்சுப் புள்ளி ஓவியம்தான் ஞாபகம் வரும். 1880களில் சூரா செய்தது அது. வர்ணங்களைத் தட்டில் குழைக்காமல் சின்னப் புள்ளிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தூர நின்று பார்க்கிறவனின் கண்ணுக்குள்ளே அவை கலந்து ஒளியாகும். அது அறிவியல் கணக்கு மாதிரி. புள்ளிகள் அசையாது.

லீயின் புள்ளிகள் அப்படியில்லை. ஒவ்வொன்றும் ஒரு தூரிகை வீச்சு. தொட்ட இடத்தில் தடித்து, விட்ட இடத்தில் மெலிந்து, ஒரு திசைக்குப் போகும். கிளையில் இருக்கிற கோடுகள் கிளை வளர்கிற பக்கம் போகும். நிலத்தில் இருக்கிறவை நிலம் சரிகிற பக்கம் போகும். மலையில் இருப்பவை மலையின் வளைவோடு போகும். இது கண்ணில் கலக்கிற கணக்கில்லை, கையின் ஓட்டம். மை ஓவியத்தில் பாறைக்கும் மண்ணுக்கும் மரப்பட்டைக்கும் ஒவ்வொரு விதமான தூரிகை வீச்சு உண்டு என்று மேலே பார்த்தோமே, ஜொங் சொன் மண்ணைப் புள்ளியாலும் கல்லைக் கோட்டாலும் கட்டினாரே, அந்த வழக்கம்தான் இது. வித்தியாசம் என்னவென்றால் மைக்குப் பதிலாகக் குழாயிலிருந்து எடுத்த சிவப்பும் மஞ்சளும் நீலமும்.

இன்னொன்றையும் கவனியுங்கோ. ஐரோப்பிய நிலக்காட்சியில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரும், மறுபக்கம் நிழல் விழும். அதை வைத்து இது காலையா மாலையா என்று சொல்லிவிடலாம். லீயின் மரங்களுக்கு நிழல் இல்லை. ஆகவே அங்கே மணி என்ன என்று தெரியாது. ஆனால் என்ன காலம் என்று ஒரு பார்வையில் தெரியும். பூக்கிற காலம், பச்சை முற்றுகிற காலம், காய் சிவக்கிற காலம், இலை கொட்டுகிற காலம். மணிக்கூட்டை விட்டுவிட்டுக் காலத்தை வைத்துக்கொண்டார். எண்ணெய் வர்ணம் மேற்கிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த வர்ணம் சொல்கிற நேரம், ஆன் கியொனின் எட்டுக் காட்சிகள் சொன்ன நேரம்.

நிறங்களும் வானத்திலிருந்து விழவில்லை. கொரியப் பௌத்தக் கோயில்களின் கூரை மரங்களைப் பாருங்கோ. பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும். சின்னப் பிள்ளைகளின் விழாக்கால உடுப்பின் கையில் வரிவரியாக எல்லா நிறமும் இருக்கும். நீலம், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்ற ஐந்து நிறங்களும் ஐந்து திசைகளைக் குறிக்கும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. வெள்ளை அந்த ஐந்தில் ஒன்று. யனகி அந்த ஒன்றை எடுத்து முழுக் கதையும் அதுதான் என்றார். மற்ற நாலும் எப்போதும் அங்கேதான் இருந்தன.

வெள்ளை பேசிய காலத்தில்

1975இல் டோக்கியோவில் ஒரு கண்காட்சி நடந்தது. ஐந்து கொரிய ஓவியர்கள், ஐந்து விதமான வெள்ளை என்பது அதன் கருத்து. ஒரே நிறத்தில், அதுவும் பெரும்பாலும் வெள்ளையிலும் மண் நிறத்திலும் வரைகிற இந்தப் போக்கு அடுத்து வந்த ஆண்டுகளில் கொரிய நவீன ஓவியத்தின் முகமாகவே ஆகிவிட்டது. அதிலே நல்ல ஓவியங்கள் உண்டு. அந்த ஓவியர்கள் வெள்ளையைத் துயரமாக நினைக்கவுமில்லை. வெறுமை, பயிற்சி, திரும்பத் திரும்பச் செய்தல் என்று அவர்களுக்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு, கொரியா என்றால் வெள்ளை என்ற பழைய படம் திரும்பவும் வசதியாகக் கிடைத்தது.

லீ அப்போது ஹொங்கிக் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்துக்கொண்டிருந்தார். அந்த ஒற்றை நிறப் போக்கின் முக்கியமான ஆட்கள் நடமாடிய இடமும் அதுதான். சுற்றிவர எல்லாரும் நிறத்தைக் குறைத்துக்கொண்டு போகும்போது இவர் மட்டும் கூட்டிக்கொண்டே போனார்.

அதே காலத்தில் ஓவியக்கூடங்களுக்கு வெளியே இன்னொன்று நடந்தது. கொரிய மலைகள் அப்போது மொட்டையாக இருந்தன. வீட்டுக்குக் கீழே நெருப்பு மூட்டித் தரையைச் சூடாக்குவது அங்கே வழமை, அதற்கு விறகு வேண்டும். குடியேற்ற ஆட்சியில் மரம் வெட்டினார்கள். யுத்தம் மிச்சத்தை எரித்தது. 1973இல் தென்கொரிய அரசு ஒரு பத்தாண்டுக் காடு வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பத்து லட்சம் ஹெக்டேயர் இலக்கு. ஊர் ஊராகச் சனங்களை இறக்கி நட்டார்கள். விறகுக்குப் பதிலாக நிலக்கரிக் கட்டிகள் அடுப்புக்கு வந்தன. பத்தாண்டு இலக்கு 1978இலேயே முடிந்தது. செய்தது இராணுவச் சர்வாதிகார அரசு. மலையில் விறகு பொறுக்கினால் தண்டனை என்ற கெடுபிடியும் அதில் இருந்தது. அதையும் மறக்கக் கூடாது. ஆனால் இன்றைக்குத் தென்கொரியாவில் நிற்கிற காடுகளில் ஒரு பகுதி யாரோ குனிந்து நட்டவை.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் லீயின் பின்னணி மலைகளின் பச்சை வேறு மாதிரித் தெரியும். எங்களுக்குக் காடு என்றால் எப்போதும் இருப்பது, மனிதன் வந்து அழிப்பது. அவருடைய தலைமுறைக்குக் காடு என்பது இல்லாமல் போய், பிறகு திரும்பி வந்தது. மரம் நிறைந்த ஒரு மலையை வரைவது அவர்களுக்குப் பழமை ஏக்கம் அல்ல. கண்முன் நடந்துகொண்டிருந்த செய்தி.

எங்கட சந்தேகம்

இவ்வளவும் எழுதின பிறகும் எங்களுக்குள்ளே ஒரு வாக்குவாதம் முடியவில்லை. அதை மறைக்க விருப்பமில்லை.

1980 மே மாதம் குவாங்ஜு நகரில் சனநாயகம் கேட்டு எழுந்தவர்களை இராணுவம் சுட்டது. அதற்குப் பிறகு இளம் ஓவியர்கள் பலர் தெருவுக்கு வந்தார்கள். மரஅச்சு, சுவரோவியம், பெரிய பதாகை என்று தொழிலாளரையும் விவசாயிகளையும் வரைந்தார்கள். மக்கள் கலை என்று அதற்குப் பெயர் வந்தது. ஒற்றை நிற ஓவியங்களும் அழகான நிலக்காட்சிகளும் சனத்தின் வாழ்க்கையைப் பேசவில்லை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. லீ அந்தக் காலத்தில் ஹொங்கிக் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். வசதியான குடும்பம், வசதியான பதவி, வாங்குகிறவர்களும் வசதியானவர்கள். அவருடைய தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு மனிதக் கை ஏன் தெரியவில்லை என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. "பூக்களை வரைய அவருக்கு வசதி இருந்தது, பார்க் சூ-குனுக்கு இல்லை" என்றும் அவர் சொன்னார். அதையும் நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் மற்றவர்கள் சொன்னதும் இங்கே பதிவாகட்டும். துன்பப்பட்ட சனத்தின் கலையில் துன்பத்தை மட்டுமே தேடுவது யாருடைய பழக்கம்? வெளியில் இருந்து பார்க்க வருகிறவர்களின் பழக்கம். அவர்கள் தேடுவதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் நாமே அதைத்தான் எங்கள் நிறம் என்று நம்பத் தொடங்கிவிடுவோம். குவாங்ஜுவின் பதாகைகள் தேவை. மொட்டை மரமும் தேவை. முன்சானில் திரும்பத் திரும்பப் பூக்கிற மரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து வைத்த ஒருவரும் தேவை. இந்த மூன்றையும் ஒரே சுவரில் மாட்டினால்தான் அந்த நாட்டின் நூற்றாண்டு கொஞ்சமாவது விளங்கும்.

லீ 2005இல், எண்பத்து நாலு வயதில் இறந்தார். கடைசிக் காலத்திலும் அவருடைய தலைப்பு மாறவில்லை: 'தோட்டம்'. கேசொங்கில் ஓ ஜி-ஹோ வரைந்த சுவருக்கும் பாஜுவில் லீ வரைந்த மரங்களுக்கும் நடுவில் இன்னும் அந்த நாலு கிலோமீற்றர் இருக்கிறது. இந்தப்பக்கம் பூக்கிற கிழமையில்தான் அந்தப்பக்கமும் பூக்கும்.

முதல் நாள் "கலண்டர்ப் படம்" என்று சொன்னவரிடம் இதை எழுதி முடித்ததும் வாசிக்கக் கொடுத்தோம். வாசித்துவிட்டு அந்த ஓவியத்தைத் திரும்ப எடுத்துக் கனநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "கலண்டர்தான் மச்சான். ஆனா அங்க ஒரு வருசம் ஒழுங்கா வந்து போறதே பெரிய விசயமெல்லே."